உடம்புக்கு வெளியே மூச்சு விடும் நுரையீரல்

மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளைத் தானம் செய்யக் குடும்பத்தார் சம்மதித்துவிட்டாலும், நுரையீரல் மட்டும் பெரும்பாலும் வீணாகிவிடும். ஏறத்தாழ ஐந்து தானங்களில் ஒன்றில்தான் அது பயன்படும் என்பதே நெடுங்காலக் கணக்கு.

வெளிக்காற்றோடு நேரடித் தொடர்பில் இருக்கும் உறுப்பு அது. நினைவிழந்தவர் வாந்தியெடுத்தால் புரையேறி உள்ளே போகும். வென்டிலேட்டர் குழாய் வழியே கிருமி இறங்கும். மூளை சாகும் தறுவாயில் அட்ரினலின் வெள்ளமாய்ச் சுரந்து ரத்த அழுத்தம் எகிற, நுண்குழாய்கள் கசிந்து காற்றறைகளில் நீர் கோத்துக்கொள்ளும். போதாததற்கு, சிறுநீரகத்தைக் காப்பாற்ற ஏற்றும் சலைன் வேறு.

அப்புறம் நேரம். எடுத்த நுரையீரலை ஐஸ் பெட்டியில் வைத்து, சுமார் ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். ஐஸில் உறுப்பு கெடுவது மெதுவாகும், அவ்வளவுதான். அதன் பாதிப்பு சரியாகாது, அது வேலையும் செய்யாது. வேலை செய்யாத ஒன்றை எப்படிச் சோதிப்பது? சந்தேகம் வந்தால் மருத்துவர் வேண்டாம் என்றுதான் சொல்வார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

சரி, உடம்புக்கு வெளியே ஓட்டிப் பார்த்தால்? ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஸ்டிக் ஸ்டீன் என்ற அறுவை மருத்துவர் 2000-ல் அதைச் செய்தார். இதயம் நின்றுபோனவரின் நுரையீரலை வெளியே இயக்கிச் சோதித்து, பிறகு இன்னொருவருக்குப் பொருத்தினார். கனடாவின் டொராண்டோ பொது மருத்துவமனையில் ஷாஃப் கேஷவ்ஜி, மார்செலோ சைப்பல் குழுவினர் அதை மணிக்கணக்கில் ஓட்டும் முறையாக வளர்த்தார்கள்.

ஒளிபுகும் மூடிக்குள் நுரையீரல் கிடக்கிறது. மூச்சுக்குழாயில் வென்டிலேட்டர். ரத்தக்குழாயில் பம்ப் வழியே ஒரு திரவம். டொராண்டோ முறையில் அதில் ரத்த அணுக்களே கிடையாது. சூட்டை மெல்ல 37 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றுகிறார்கள். வெள்ளைப் பஞ்சு போன்ற அந்த உறுப்பு விரிந்து சுருங்கத் தொடங்கும்.

சூட்சுமம் திரவத்தில் இருக்கிறது. மாங்காயில் உப்பைப் பிசிறி வைத்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும் அல்லவா? அதே தத்துவம்தான். ஆனால் உப்பு குழாய்ச் சுவரைத் தாண்டிப் போய்விடும் என்பதால், எளிதில் தாண்டாத ஆல்புமின் என்ற பெரிய புரதத்தைச் சேர்க்கிறார்கள். அது திசுவில் கோத்த நீரைக் குழாய்க்குள் இழுக்கிறது. கூடவே இருக்கும் டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சேர்மம் குழாய்களின் உட்சுவரைக் காக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த பகுதி. நுரையீரலை விட்டு வரும் திரவத்தில் ஆக்சிஜன் நிறைந்திருக்கும். அதையே திருப்பி அனுப்பினால் நுரையீரலுக்கு வேலை இல்லை, அதற்குப் பரீட்சையும் இல்லை. அதனால் வழியில் ஒரு சவ்வு வைத்து ஆக்சிஜனைக் குறைத்துவிட்டு, கார்பன் டை ஆக்சைடைச் சேர்க்கிறார்கள். உடம்பு முழுவதும் செய்கிற வேலையை ஒரு சின்னச் சவ்வு நடித்துக் காட்டுகிறது! ஆக்சிஜன் குறைந்து போன திரவம் ஆக்சிஜனோடு திரும்புகிறதா என்று அளந்தால், நுரையீரலின் தகுதி எண்ணாகவே தெரிந்துவிடும்.

2011-ல் டொராண்டோ குழு வெளியிட்ட ஆய்வில், சந்தேகத்துக்குரிய 23 தானங்களின் நுரையீரல்களை 4 மணி நேரம் இப்படி ஓட்டினார்கள். 20 தேறின. அவற்றைப் பெற்றவர்களின் நிலை, வழக்கமான முறையில் பெற்றவர்களுக்குக் குறைவாக இல்லை. கருவி நோயைத் தீர்த்தது என்பதைவிட சந்தேகத்தைத் தீர்த்தது என்பேன்.

செலவு பிடிக்கும் வேலைதான். தேர்ந்த குழுவும் வேண்டும். எளிய வழிகளும் வருகின்றன. ஐஸுக்குப் பதிலாக 10 டிகிரியில் வைத்தால் செல்களுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்டிரியா இன்னும் நன்றாகத் தாங்குகிறது; நள்ளிரவில் வந்த நுரையீரலைக் காலையில் பொருத்தலாம்.

2022-ல் அதே டொராண்டோ குழு, பொருத்துவதற்கு ஆகாத, ‘ஏ’ ரத்தப் பிரிவு நுரையீரல்களில் ஓடும் திரவத்தில் இரண்டு என்சைம்களைக் கலந்து பார்த்தது. நான்கு மணி நேரத்துக்குள் ‘ஏ’ அடையாளம் 97 சதவீதத்துக்கு மேல் அழிந்தது. ஏறக்குறைய, எந்த ரத்தப் பிரிவினருக்கும் பொருந்தும் ‘ஓ’ பிரிவு போல ஆகிவிட்டது. அந்த என்சைம்கள் கிடைத்த இடம், நம் குடலில் வாழும் பாக்டீரியா.