பழைய காருக்கு ஐம்பதாயிரம் செலவு செய்யலாமா?

போன மாதம் சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் சான்ட்ரோ காரை என் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தார். 2012 மாடல், ஓடியது 68,000 கிலோமீட்டர். கிளட்ச் வழுக்கியது, ஏசியில் குளிர்ச்சி இல்லை, மேடு பள்ளத்தில் முன்பக்கம் கடகடவென்று சத்தம். பார்த்துவிட்டு 52,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தேன். அவர் முகம் மாறிவிட்டது. "வித்தா ஒன்றரை லட்சம் வருமா தம்பி இந்த வண்டி? இதுக்குப் போய் 52,000 போடணுமா? பையன் புது வண்டியே எடுத்துடலாம்கிறான்."

ஒர்க்‌ஷாப் வைத்த இந்த 22 வருடத்தில் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். ஏறக்குறைய எல்லாரும் ரிப்பேர் செலவை வண்டியின் விற்பனை விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அங்கேதான் கணக்கு தப்புகிறது. வண்டியை விற்கப்போகிறவருக்கு அந்த விலை முக்கியம். ஓட்டப்போகிறவர், இந்த 52,000 இன்னும் எத்தனை வருடம் ஓட்டித் தரும், அதே வருடங்களுக்குப் புது வண்டி எவ்வளவு கேட்கும் என்றுதான் பார்க்க வேண்டும்.

அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எட்டு லட்சத்தில் ஒரு சின்ன கார். பழைய வண்டிக்கு ஒரு லட்சம் கிடைத்தாலும் மீதி ஏழு லட்சத்துக்குக் கடன். 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 14,500 ரூபாய். அதாவது அவர் பயந்துபோன அந்த எஸ்டிமேட், நான்கு மாதத் தவணைக்கும் குறைவு. தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்குப் பிறகு ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுள் வரி 13 சதவீதம், பத்து முதல் இருபது லட்சம் வரை 18 சதவீதம். நாளைக்கு வண்டியை விற்கும்போது இந்தப் பணத்தை யாரும் தனியாக எண்ணித் தரமாட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது நல்ல விஷயம்தான். ஆனால் புது வண்டி விலை இறங்கும்போது நம் பழைய வண்டிக்குக் கிடைப்பதும் சேர்ந்தே இறங்கும்.

அடுத்து எஸ்டிமேட்டைப் பிரித்துக் காட்டினேன். கிளட்சுக்கு 14,000, சஸ்பென்ஷனுக்கு 11,000, ஏசிக்கு 19,000, டைமிங் பெல்ட்டும் ரப்பர் குழாய்களும் 8,000. உங்கள் மெக்கானிக்கிடம் நீங்களும் இப்படிப் பிரித்துக் கேளுங்கள். எது பாதுகாப்புக்கு, எது ஓடுவதற்கு, எது சொகுசுக்கு என்று தெரிந்துவிட்டாலே பாதிப் பயம் போய்விடும். கிளட்ச், பெல்ட், ஷாக் அப்சார்பர் எல்லாம் தேய்ந்து போகவேண்டிய பொருட்கள். ஒருமுறை மாற்றினால் வருடத்துக்கு 5,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்குப் பல வருடம் தாங்கும். ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு இடத்தில் கோளாறு, வழியில் நின்றுபோகிறது, ஆயிலைக் குடிக்கிறது என்றால் அது வேறு கதை. அப்படிப்பட்ட வண்டிக்குச் செலவு செய்வதற்கு முன் கம்ப்ரஷன், அதாவது இன்ஜின் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜின் உள்ளே தேய்ந்திருந்தால் தெரிந்துவிடும்.

பெட்ரோலையும் சொல்ல வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. 2023க்கு முந்தைய பெரும்பாலான வண்டிகளின் ரப்பர் பாகங்கள் இந்த அளவு எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கும் பழைய வண்டி என்றால் எரிபொருள் குழாய்களைச் சோதித்து, வெடிப்பு இருந்தால் உடனே மாற்றுங்கள். பெட்ரோல் கசிவு தீ விபத்தில் முடியக்கூடியது. இதில் மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

இவ்வளவும் பணக் கணக்கு. சில வண்டிகளை இந்தக் கணக்கெல்லாம் பார்க்காமலே விட்டுவிட வேண்டும் என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்கிறேன்.

முதலாவது, துரு. சென்னையில் கார்களை முடிப்பது பெரும்பாலும் இன்ஜின் இல்லை, உப்புக்காற்று. பெசன்ட் நகர், திருவான்மியூர், கொட்டிவாக்கம், ராயபுரம் பக்கம் தெருவில் நிற்கும் வண்டிகளை லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்தால் மேலே பளபளப்பு, கீழே பொருக்கு. கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழி, கதவுக்குக் கீழே ஓடும் தகடு, முன் ஷாக் அப்சார்பர் பொருந்தும் இடம், இவற்றை ஒரு ஸ்க்ரூடிரைவரால் அழுத்தச் சொல்லுங்கள். உள்ளே இறங்கினால் அந்த வண்டிக்கு ஒரு ரூபாயும் போடாதீர்கள். டிங்கர் வேலை செய்து பட்டி பூசி மறைத்துவிடலாம், ஆனால் மோதும்போது அந்தத் தகடு தாங்காது. இன்ஜினை இறக்கி ஏற்றலாம், இற்றுப்போன உடம்புக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

இரண்டாவது, வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சீட் வரை தண்ணீர் ஏறிய வண்டிகள் எத்தனையோ எங்களிடம் வந்தன. சுத்தம் செய்து ஓட்டிவிட்டோம் என்றுதான் நினைத்தோம். ஒரு வருடம் கழித்து வயரிங் கனெக்டர்களில் பச்சை பூத்தது, காரணமே தெரியாமல் ஏதேதோ விளக்குகள் எரிந்தன. அப்படித் தொந்தரவு தொடங்கிய வண்டியோடு போராட வேண்டாம். விற்கும்போது வாங்குபவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவதுதான் என் மனதை அதிகம் உறுத்துவது. போன வருடம் ஒரு இளம் தம்பதி, இரண்டு சின்னக் குழந்தைகள். 2010 மாடல் வண்டியை அருமையாகப் பராமரித்திருந்தார்கள். இன்ஜின் சத்தமே இல்லை. ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் திருச்சி நெடுஞ்சாலையான ஜிஎஸ்டி ரோட்டில் விழுப்புரம் போய்வருகிறார்கள். ஏர்பேக் இல்லை, அழுத்திப் பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லை. நம் நாட்டில் எல்லா புதுக் கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில், ஓட்டுநருக்கு ஏர்பேக் அதே ஆண்டு ஜூலையில். பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் எல்லா மாடல்களிலும் வந்தது 2022 தொடக்கத்தில்தான். மோதல் சோதனை விதிகள் புது மாடல்களுக்கு 2017 அக்டோபரிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 அக்டோபரிலும் வந்தன. "வண்டி நன்றாக இருக்கிறது, ஆனாலும் மாற்றிவிடுங்கள்" என்று சொன்னேன். சர்வீஸுக்கு வந்தவரிடம் இப்படிச் சொல்வது எனக்கு நஷ்டம்தான். நூறு கிலோமீட்டர் வேகத்தில் குழந்தைகளோடு போகிறவர்களிடம் வேறு என்ன சொல்வது?

புதுசுதான் வாங்க வேண்டும் என்றும் இல்லை. மூன்று நான்கு வருடம் ஓடிய வண்டி எடுத்தால் விலை இறக்கத்தின் பெரும்பகுதியை முதல் சொந்தக்காரர் ஏற்றுக்கொண்டிருப்பார். 2022க்குப் பிறகு தயாரானது என்றால் முன்னால் இரண்டு ஏர்பேக்கும் இருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. டயரில் இருக்கும் நான்கு இலக்கம் எந்த வாரம், எந்த வருடம் தயாரானது என்று சொல்லும். ஓடோமீட்டர் 20,000 காட்டும்போது டயர் மாற்றப்பட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் ஃபைனான்ஸ் பாக்கி, அபராதம் எல்லாம் பார்த்துவிடுங்கள்.

"பத்து வருட டீசல் வண்டியை ஓட்டக் கூடாதாமே" என்று பயந்து அடிமாட்டு விலைக்குத் தள்ளியவர்களும் உண்டு. அந்தக் கட்டுப்பாடு டெல்லி வட்டாரத்துக்கானது. இங்கே 15 வருடம் முடிந்ததும் வண்டியை ஆர்டிஓ ஆபீஸில் காட்டி, ஐந்தைந்து வருடமாக ஆர்சியை, அதாவது பதிவுச் சான்றிதழை, புதுப்பிக்கலாம். கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. பழைய இரும்புக் கடையில் கொடுத்துவிட்டு ஆர்சியை ரத்து செய்யாமல் மட்டும் இருக்காதீர்கள். அந்த நம்பரை வைத்து யார் என்ன செய்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

இன்ஷூரன்ஸில் பலர் பணத்தை விடுகிறார்கள். பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு உலோக பாகங்களிலேயே பாதித் தொகையைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். ரிப்பேர் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் மொத்த இழப்பு என்று முடித்துவிடுவார்கள். ஆகவே பழைய வண்டிக்கு ஃபுல் இன்ஷூரன்ஸ் போடும்போது மதிப்பு எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காக பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்குச் சேர்ந்தது இல்லை, உங்களுக்குச் சேர்ந்தது. 50 சதவீதம் வரை சேர்த்து வைத்திருப்பீர்கள். பழையதை விற்கும்போது அதற்கான கடிதத்தை வாங்கிப் புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

உதிரிபாகம் பற்றி ஒரு வரி. மாருதி, ஹூண்டாய் பழைய மாடல்களுக்கு சென்னை ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளில் அலைச்சல் இல்லாமல் கிடைத்துவிடும். செவர்லே 2017லும் ஃபோர்டு 2021லும் இந்தியாவில் கார் விற்பனையை நிறுத்தின. அந்த வண்டிகளுக்குப் பெரிய வேலை என்றால் பாகம் கையில் கிடைத்த பிறகு பிரிக்கச் சொல்லுங்கள்.

ஆசிரியை அம்மா வேலையைச் செய்யச் சொல்லிவிட்டார். கோயில், ஆஸ்பத்திரி, தங்கை வீடு, இவ்வளவுதான் அவர் ஓட்டம். பைபாஸ் பக்கம் போவதில்லை. வீட்டில் மூடிய ஷெட். லிஃப்ட்டில் ஏற்றி அவரையே கீழே நிற்கவைத்துக் காட்டினேன். இடதுபக்கக் கதவுக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணயம் அளவு துரு. சுரண்டி, கோட்டிங் அடித்து, போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த வருடம் ஆர்சி புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒருமுறை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அந்தப் படத்தை வைத்துப் பார்த்து, துரு பரவியிருந்தால் வண்டியைக் கொடுத்துவிடச் சொல்வேன்.