‘எதிர் அயனி’ இல்லை, ‘ஈடுசெய் அயனி’

அஸ்தம்பட்டியில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிளஸ் டூ பெண் போன வாரம் கேட்டாள்: “சார், டிஎன்ஏவுக்கே எதிர்மின் சுமைதானே, அப்புறம் எதிர் அயனி எப்படி அதன்மேல் போய் ஒட்டும்?” அவள் கையில் நானோதுளை என்ற மிக நுண்ணிய துளையைப் பற்றிய தமிழ்க் கட்டுரை ஒன்று. ‘கவுண்டர் அயான்’ என்பதை அதில் ‘எதிர் அயனி’ ஆக்கியிருந்தார்கள். இந்த வருஷம் இந்தத் தப்பை நான் பார்ப்பது நாலாவது தடவை.

அயான், அதாவது நம் அயனி, மின்சுமை உள்ள அணு அல்லது மூலக்கூறு; 1834இல் ஃபாரடே புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். கிரேக்கத்தில் ‘போவது’ என்று பொருள். உத்தராயணத்தில் உள்ள அயனமும் அதே வேர்தான். ஒரு பெரிய மூலக்கூறின் மின்சுமையை, மாற்றுக்குறிச் சுமையோடு அருகில் நின்று ஈடுகட்டுவது கவுண்டர் அயான்.

சரி, பள்ளியில் என்ன சொல்லித் தருகிறோம்? நேர்மின் சுமையுள்ள பொட்டாசியம் நேர் அயனி, எதிர்மின் சுமையுள்ள குளோரைடு எதிர் அயனி. டிஎன்ஏ இழையில் ஒவ்வொரு பாஸ்பேட்டுக்கும் ஓர் எதிர்மின் சுமை இருப்பதால் அதைச் சூழ்ந்து மொய்ப்பது பொட்டாசியம். ‘எதிர் அயனி’ என்று படிக்கிற பிள்ளை குளோரைடு என்றுதான் நினைக்கும், அதாவது நேர் தலைகீழாக.

நானோதுளையில் இந்தத் தப்பு விஷயத்தையே கெடுத்துவிடும். சவ்வில் சில நானோமீட்டர் அகலத்தில் ஒரு துளை, இருபுறமும் பொட்டாசியம் குளோரைடு கரைசல், மின்னழுத்தம் கொடுத்து மின்னோட்டத்தை அளக்கிறார்கள். டிஎன்ஏ உள்ளே நுழைந்தால் இடத்தை அடைக்கும், மின்னோட்டம் குறையும். ஆனால் உப்பின் செறிவு சுமார் 0.4 மோலாருக்குக் கீழே போகும்படி கரைசல் நீர்த்திருந்தால் மின்னோட்டம் கூடுகிறது! டிஎன்ஏ வெளியே தள்ளிய அயனிகளைவிட அது கூடவே கூட்டிவந்த பொட்டாசியம் அதிகமாகிவிடுவதுதான் காரணம். இவ்வளவு அழகான விஷயத்தை ஒரு சொல் குழப்பலாமா?

‘எதிர்’ என்றால் எதிரே நிற்பது என்றும் பொருள் உண்டே என்கிறார் ஒரு நண்பர். உண்டு, ஆனால் வேதியியலில் அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. நேர்மின் சுமையுள்ள பரப்பென்றால் குளோரைடே ஈடுகட்டும், அங்கே ‘எதிர் அயனி’ தற்செயலாகச் சரியாகும். சில இடத்தில் சரி, சில இடத்தில் தப்பு என்று ஒரு கலைச்சொல் இருக்கவே கூடாது. ‘துணை அயனி’ என்பாரும் உண்டு. ஆனால் பெரிய மூலக்கூறுக்கு உள்ள அதே குறிச் சுமையோடு சுற்றும் அயனிக்கும் (கோ அயான்) ஒரு பெயர் வேண்டுமே, ‘துணை’யை இதற்குக் கொடுத்துவிட்டால் அது என்ன ஆவது? ஆங்கில முன்னொட்டுக்கு ஒரு தமிழ் முன்னொட்டை ஒட்டிவிட்டால் மொழிபெயர்ப்பு முடிந்தது என்று நினைக்கிறார்கள், அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதே இல்லை.

ஈடு நமக்குப் பழகிய சொல். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு எடை குறைந்தாலும் ஈடு கட்டு என்றுதான் கேட்கிறோம். சேர்த்து ‘ஈட்டயனி’ என்றும் எழுதலாம்தான், ஆனால் ஈட்டி ஞாபகம் வருகிறது. அதனால் ‘ஈடுசெய் அயனி’ என்றே அந்தப் பெண்ணின் நோட்டில் எழுதிக் கொடுத்தேன்.