பாறை நிழலில் ஒரு மணல் பொறி

"பள்ளத்தாக்கு ஒன்றில் நடந்துகொண்டிருந்தபோது, வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறைக்கு அடியில் ஒதுங்கினேன். அங்கிருந்த மெல்லிய மணலில் புனல் புனலாக நிறையக் குழிகள். காம்பஸ் வைத்து வரைந்தது மாதிரி அத்தனையும் வட்டம். மழைத்துளி விழுந்த தடமா? பக்கத்தில் யாரோ விரலால் கிறுக்கியது போல நெளிநெளியான கோடுகளும் இருந்தன. அவை என்ன?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

மழைத்துளி இல்லை. மழையே படாத இடம் என்பதால்தான் அந்தக் குழிகள் அங்கே இருக்கின்றன. தோண்டியது குழிநரி. குழியானை என்றும் சொல்வார்கள். பெயர்தான் நரி, யானை. உண்மையில் இது சிறகுள்ள ஒரு பூச்சியின் புழுப்பருவம். வளர்ந்த பூச்சி பார்ப்பதற்குத் தட்டான் போல இருக்கும், ஆனால் தட்டானுக்கு நெருங்கிய உறவில்லை. புழு குழியின் அடியில் உடம்பைப் புதைத்துக்கொண்டு, அரிவாள் போன்ற இரண்டு தாடைகளை விரித்துக் காத்திருக்கும். விழுகிற எறும்பைக் கவ்வி, விஷத்தையும் செரிமான நீரையும் உள்ளே செலுத்தி, கரைந்ததை உறிஞ்சிவிட்டு, வெறும் கூட்டை வெளியே எறிந்துவிடும். இதுவரைக்கும் பலருக்குத் தெரிந்ததுதான். எனக்கு ஆசையெல்லாம் அந்தக் குழியின் சுவர் மேல்.

காய்ந்த மணலை அள்ளி ஒரே இடத்தில் கொட்டிப் பாருங்கள். குவியல் உயரும், ஆனால் அதன் சரிவு ஓர் அளவுக்கு மேல் செங்குத்தாகாது. இன்னும் கொட்டினால் பக்கவாட்டில் வழிந்து மறுபடியும் அதே சரிவுக்கு வந்து நிற்கும். பள்ளி இயற்பியலில் சறுக்குக் கோணம் என்று படித்தோமே, அதுதான். காய்ந்த மணலுக்கு அது சுமார் 30 முதல் 35 டிகிரி. இதில் பாடப் புத்தகம் வேகமாகக் கடந்துபோகும் ஒரு நுணுக்கம் உண்டு. மணல் சரியத் தொடங்கும் கோணமும், சரிந்து முடித்து நிற்கும் கோணமும் ஒன்றல்ல. முதலாவது ஓரிரு டிகிரி கூடுதல். குழிநரியின் பிழைப்பே இந்தச் சின்ன இடைவெளியில்தான் நடக்கிறது. அடியில் இருக்கும் மணலைத் தலையால் வீசி வீசி, சுவர் எப்போதும் 'இதோ சரியப் போகிறேன்' என்கிற நிலையிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறது. அந்தச் சுவரில் சில மில்லிகிராம் எடையுள்ள எறும்பு கால் வைத்தாலே போதும்.

அப்படியானால் எடை கூடக் கூட வழுக்கல் அதிகமாகும் என்றுதானே தோன்றும்? 2017இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை முடிவு வேறு. சரியும் நிலைக்குப் பக்கத்தில் இருக்கும் மணலில் மிக லேசான பொருளை வைத்தால் மணல் கலைவதில்லை, பொருள் நிற்கிறது. கனமான பொருள் மணலை அழுத்திக் காலடித் தடம் போல ஒரு பள்ளம் உண்டாக்கிக்கொள்கிறது, அதுவும் நிற்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட எடைதான் வழுக்குகிறது. பாதி கலைத்து, பாதி பதிந்து, பிடிப்பே கிடைக்காத எடை. இதைப் படித்த நாளிலிருந்து எறும்பு மணற்சரிவில் ஏறத் திணறுவதைப் பார்க்கும்போதெல்லாம் அதன் எடையைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்தது மணல் தேர்வு. குழிநரி நேராக நடுவில் தோண்டுவதில்லை. முதலில் பெரிய வட்டமாக ஒரு பள்ளம் கீறி, பின்னோக்கி நகர்ந்தபடி, சுருளாக உள்ளே உள்ளே வருகிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் இதன் காரணத்தை விளக்கினார்கள். கலப்பு மணல் சரியும்போது பெரிய பருக்கைகள் உருண்டு அடிவரைக்கும் போய்விடும், பொடி மேலேயே தங்கிவிடும். அடியில் புழுவின் தலை இருக்கிறது. வந்து சேர்ந்த பருக்கைகளை அது வெளியே வீசிவிடும். சுருளின் ஒவ்வொரு சுற்றிலும் இது நடந்து, கடைசியில் சுவர் முழுக்கப் பொடி மணல். கால் பிடிக்க ஒரு கல் கூட மிஞ்சாது. பருக்கையைப் பொறுக்கித் தேடும் வேலை புழுவுக்கு இல்லை. சரிவே சலித்துக் கொடுத்துவிடுகிறது!

ஒரு புழுவின் குழிக்கு ஆராய்ச்சிப் பணமா என்று கேட்பவர்கள் உண்டு. மணற்சரிவின் இயற்பியல் மலைச்சரிவுக்கும் தானியக் கிடங்குக்கும் பயன்படும் என்று பதில் சொல்லலாம். நான் அந்தப் பதிலோடு நிற்க மாட்டேன். காலடியில் கிடக்கும் ஒன்று எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வதற்காகவே பணம் ஒதுக்க வேண்டும்.

சரி, ஏன் பாறைக்கு அடியில்? ஈரம் பட்டால் மணல்துகள்களுக்கு நடுவே நீர் பாலம் போட்டு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அப்போது சுவர் செங்குத்தாகக் கூட நிற்கும், ஆனால் சரியாது. சரியாத சுவர் எறும்புக்கு ஏணி. துருத்திய பாறை மழையைத் தடுக்கிறது, மணற்பாறையாக இருந்தால் உதிர்ந்து உதிர்ந்து தேவையான பொடியையும் தருகிறது. காட்டுப் பாதையில் சாய்ந்த மரத்தடியிலும், வேர் வளைவுக்குள்ளும் இதே குழிகளைப் பார்க்கலாம்.

குழிக்கு மேல் குனிந்து மந்திரம் போல ஏதாவது சொன்னால் பூச்சி வெளியே வரும் என்று உலகின் பல பகுதிகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மந்திரத்துக்குச் சக்தி இல்லை. மூச்சுக்காற்று பட்டு நாலு துகள் உருண்டால், இரை வந்துவிட்டது என்று புழு மணலை வீசும், அவ்வளவுதான். அந்த மந்திரத்தைச் சொல்லாமல் வெறுமனே மெல்ல ஊதிப் பாருங்கள், அதேதான் நடக்கும்.

அப்புறம் அந்தக் கிறுக்கல் கோடுகள். இரை சரியாகக் கிடைக்காத புழு இடம் மாறும். மணலின் மேல்பரப்புக்குச் சற்றுக் கீழே பின்னோக்கியே போகும், அதனால்தான் வளைந்தும் திரும்பியும் ஒரு தடம். அடுத்த முறை ஒரு கோட்டைப் பிடித்து அதன் இரண்டு முனைகளுக்கும் போய்ப் பாருங்கள். ஒரு முனையில் பாதி தூர்ந்துபோன பழைய குழி இருக்கலாம். இன்னொரு முனையில், விளிம்பு இன்னும் கூர்மையாக, புதிதாகத் தோண்டிய ஒன்று.