நாமினி போட்டாச்சு, உயில் எதற்கு என்று கேட்கும் பெங்களூரு குடும்பங்களுக்கு

"நமக்கென்ன கோட்டையா கொத்தளமா, உயில் எழுத?" அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது. இருபதுக்கு முப்பது சைட்டில் (மனையில்) ஒரு வீடு, பி.எப். பணம், கொஞ்சம் டெபாசிட், இல்லாவிட்டால் மாத வாடகைக்குப் பதிலாக ஓனரிடம் மொத்தமாக லீசுக்குக் கொடுத்த சில லட்சம். இவ்வளவுதான் சொத்து. ஆனால் சம்பாதித்தவர் போன பிறகு அதிகம் அலைவது இந்தக் குடும்பங்கள்தான். பெரிய சொத்துக்காரர்களுக்கு வக்கீலும் ஆடிட்டரும் ஓடுவார்கள். வீட்டு வேலைக்குப் போகிற பெண் ஆபீசுக்கு வந்தால் அன்றைய சம்பளம் போச்சு. பாதியிலேயே கைவிட்டவர்களைப் பார்த்த ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் கேட்பது கொஞ்சம்தான். 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். எழுதுபவர் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டு சாட்சிகள் அவர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை.

உயில் இல்லாவிட்டால் கணவர் சொத்து முழுவதும் மனைவிக்கு என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவி, ஒவ்வொரு மகன், ஒவ்வொரு மகள், உயிரோடிருந்தால் கணவரின் தாய், எல்லோருக்கும் சமபங்கு. வீட்டை விற்க மாமியார் கையெழுத்தும் வேண்டும். அதற்குள் அவரும் காலமானால் அவர் பங்கில் கொழுந்தனாரும் நாத்தனாரும் சேர்ந்துகொள்வார்கள். பிள்ளை இல்லாத விதவையின் நிலை இன்னும் கொடுமை. கார்மெண்ட்ஸில் உழைத்து அவர் வாங்கிய சைட், உயில் இல்லாமல் அவர் இறந்தால், பெற்ற தாய்க்குப் போகாது, கணவர் வீட்டாருக்குப் போகும். இந்த அநியாயத்தைத் தடுக்க அவர் கையில் இருப்பது ஒரு பக்க உயில் மட்டும்தான். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பங்கு வேறு கணக்கு. முஸ்லிம்கள், வாரிசுகள் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியாருக்கு எழுத முடியாது.

சரி, நாமினி? வங்கியில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள், அவ்வளவுதான். வாரிசுகள் பங்கு கேட்டால் கொடுத்தாக வேண்டும். ஷேர்களுக்கும் இதுதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸில் மட்டும், 2015 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், மனைவி, கணவர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே என்று சட்டம் சொல்கிறது, ஆனால் வாரிசுகள் பங்கு கேட்டால் கொடுக்க வேண்டும் என்று 2025இல் கர்நாடக உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் நாமினி போடுங்கள், முதலில் கையில் பணம் வர அதுதான் வழி. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை போடலாம்.

பி.எப்.பில் ஒரு குழி இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்தபோது பையன் அம்மா பெயரைப் போட்டிருப்பான். கல்யாணம் ஆனதும் அந்த நாமினேஷன் செல்லாது. மனைவி பெயரோடு புதிதாகப் போட வேண்டும், யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். இன்றைக்கே பி.எப். இணையதளத்தில் உங்கள் யு.ஏ.என். (பி.எப். எண்) போட்டு உள்ளே போய்ப் பாருங்கள்.

லீசு வீட்டுக்காரர்களே, ஐந்தாறு லட்சத்தை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு அக்ரிமெண்டில் கணவர் பெயர் மட்டும் இருந்தால், நாளைக்கு ஓனர் "வாரிசு யாருன்னு பேப்பர் கொண்டு வாங்க" என்று இழுத்தடிப்பார். பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். இரண்டு பேர் பெயரையும் போட்டு, ஒருவர் இல்லாவிட்டால் மற்றவரிடம் பணம் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

நாமினியும் இல்லை, உயிலும் இல்லை என்றால் வங்கியில் முதல் வார்த்தையே "கோர்ட்ல சக்சஷன் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க" என்பதுதான், அதாவது வாரிசு யார் என்று கோர்ட் தரும் சான்று. ரிசர்வ் வங்கியின் 2025 விதிப்படி, வாரிசுகளுக்குள் தகராறு இல்லாவிட்டால் 15 லட்சம் வரை, கூட்டுறவு வங்கியில் 5 லட்சம் வரை, அதைக் கேட்கவே கூடாது. எல்லாப் பேப்பரும் கொடுத்த 15 நாளில் பணம் தர வேண்டும். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே இறங்கி வருவார்கள். இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் அதிகாரி) புகார் போடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது.

பெங்களூருத் தமிழர்களான நம்மவர்களை அதிகம் அலைய வைப்பது வம்சவிருட்சமும் (குடும்பத்தில் யார் யார் என்று காட்டும் சான்று) பெயரும்தான். சான்று தரும் நாட கச்சேரியில் (கர்நாடக வருவாய்த் துறை ஆபீஸ்) "நீங்க தமிழ்நாடு, ஊருக்குப் போங்க" என்பார்கள், ஊர்த் தாலுகா ஆபீசில் "பெங்களூருலதானே இருந்தாரு" என்பார்கள். மரணச் சான்றிதழுக்குத் தகவல் கொடுக்கும்போதே ஆதாரில் உள்ள பெங்களூரு முகவரியைச் சரியாகக் கொடுங்கள். இனிஷியல் அடுத்த தொல்லை. ஆதாரில் எம். செல்வி, பாஸ்புக்கில் செல்வி முருகன், காத்தாவில் (மாநகராட்சியின் சொத்துப் பதிவேட்டில்) கன்னடத்தில் வேறு மாதிரி. உயிரோடு இருக்கும்போது திருத்தினால் ஒரு விண்ணப்பம். இறந்த பிறகு அஃபிடவிட், நோட்டரி, "மேலிடத்தைக் கேட்கணும்" என்று மாதக்கணக்கில் போகும்.

உயிலைத் தமிழில் எழுதலாம், செல்லும். ஆனால் பதிவு ஆபீசும் காத்தா மாற்றுபவர்களும் மொழிபெயர்ப்பு கேட்பார்கள். அதனால் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதி, தமிழில் வாசித்துக் காட்டியதாகவும் புரிந்துகொண்டதாகவும் அதிலேயே ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போடுங்கள். சொத்து பெறுபவரைச் சாட்சி ஆக்காதீர்கள். உங்களைவிட வயது குறைந்த, கூப்பிட்டால் கோர்ட்டுக்கு வரக்கூடிய இரண்டு பேரைப் பிடியுங்கள். வயதானவர் என்றால் அன்றைய தேதியில் டாக்டர் சான்று வாங்கி இணையுங்கள். ஒரு பிள்ளைக்குக் குறைத்து எழுதுவதானால் கட்டாயமில்லாவிட்டாலும் சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் பதிவு செய்துவிடுங்கள். பின்னால் யாராவது "ப்ரொபேட் (உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்று) கொண்டு வா" என்றால், பெங்களூருவில் உள்ள சொத்துக்கு அது கட்டாயமில்லை. எந்த விதியின் கீழ் கேட்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.