ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்டால் போதாது

முதலீட்டாளர்களுக்காக ஆலைகளை நேரில் போய்ப் பார்த்து அறிக்கை கொடுப்பது என் வேலை. கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று எங்கே கேட்டாலும் ஒரே பதில்: "ஜெனரேட்டர் இருக்கிறது சார்."

போன வாரம் பார்த்த ஆலையிலும் இருந்தது, புது பெயிண்ட் அடித்துப் பளபளவென்று. வாரம் தவறாமல் பத்து நிமிடம் ஓட்டியதாக லாக் புக்கில் கையெழுத்து. அப்படியானால் ஒரு வருடத்தில் எட்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்க வேண்டும். எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரைப் பார்த்தேன். இரண்டு மணி நேரம்கூடக் கூடியிருக்கவில்லை. ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். ஆகவில்லை. பேட்டரி முனையெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. அதே ஆலையின் கணக்கு வழக்கை மட்டும் வரி வரியாகப் படித்துவிட்டுப் பணம் போடத் தயாராக இருந்தார்கள் என் வாடிக்கையாளர்கள். எத்தனை முறைதான் இதைச் சொல்வது?

ஜெனரேட்டர் வாங்கியதோடு கவலை தீரவில்லை. அது ஸ்டார்ட் ஆகி லோடு, அதாவது ஆலை இயந்திரங்கள் இழுக்கும் மின்சாரத்தின் சுமை, எடுக்கப் பத்து விநாடி ஆகிறது என்றே வையுங்கள். அந்தப் பத்து விநாடியைச் சில தொழில்கள் தாங்காது. அதற்கு யூபிஎஸ் வேண்டும். 2019 ஜூனில் ஜப்பானின் யொக்காய்ச்சியில் மெமரி சிப் ஆலைகளில் மின்சாரம் தடைப்பட்டது 13 நிமிடம்தான். அங்கே கூட்டாக உற்பத்தி செய்யும் வெஸ்டர்ன் டிஜிட்டல், தனக்கு வர வேண்டியதில் சுமார் 6 எக்ஸாபைட் (அதாவது 600 கோடி ஜிகாபைட்) அளவு குறையும் என்று அறிவித்தது. "இங்கே கரண்ட் அதிகம் போகாது" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தலையாட்டாதீர்கள். எத்தனை முறை போகிறது என்பதைவிட, போகும்போது பாதியில் நிற்கும் சரக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். உலையில் இருப்பது உறைந்துவிட்டால் சரக்கோடு உலையும் போகும்.

அப்புறம், வாராவாரம் ஓட்டுகிறோம் என்பார்கள். லோடே கொடுக்காமல் ஓட்டுவார்கள். டீசல் எஞ்சின் போதுமான சூடு ஏறாமல், எரியாத எண்ணெய் புகைக்குழாயில் படிந்து, உள்ளதும் கெடும். அமெரிக்கத் தீப்பாதுகாப்பு அமைப்பான என்எஃப்பிஏ-வின் 110ஆம் தரவிதி மாதம் ஒருமுறை 30 நிமிடம், ஜெனரேட்டரின் திறனில் குறைந்தது 30 சதவீத லோடில் ஓட்டச் சொல்கிறது.

எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் 2011 சுனாமியின்போது பெரும்பாலான ஜெனரேட்டர்கள் அடித்தளத்தில் இருந்தன, மூழ்கின. 2017இல் ஹார்வி புயல் வெள்ளம் டெக்சஸின் கிராஸ்பியில் இருந்த ஆர்கெமா ரசாயன ஆலைக்குள் புகுந்தபோது, மின்சாரமும் போனது, மாற்று ஏற்பாடும் போனது. குளிரிலேயே வைத்திருக்க வேண்டிய ஆர்கானிக் பெராக்சைடு என்ற ரசாயனம் சூடேறித் தீப்பற்றியது. ஜெனரேட்டர், டீசல் டேங்க், சுவிட்ச் பேனல் மூன்றும் வெள்ளம் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று மூழ்கினாலும் மற்ற இரண்டால் பயனில்லை.

காப்பீடு இருக்கிறதே என்கிறீர்களா? சரி, பாலிசியை எடுத்துப் படியுங்கள். வெளியிலிருந்து வரும் மின்சாரம் நின்றால் பணம் உண்டா, எத்தனை மணி நேரம் கழித்து உண்டு? வேறு ஆலைக்குப் போய்விட்ட வாடிக்கையாளரை எந்தப் பாலிசியும் திருப்பிக் கொண்டுவராது.

டீசல் எத்தனை மணி நேரத்துக்கு வரும், சாலை மூடினால் யார் கொண்டுவருவார், இரவு ஷிப்டில் ஜெனரேட்டரைக் கையால் ஸ்டார்ட் செய்யத் தெரிந்தவர் யார் என்று பெயரோடு கேளுங்கள். கூச்சப்படாதீர்கள், உங்கள் பணம்.

அந்த ஆலைக்கு அடுத்த மாதம் மறுபடி போகிறேன். திட்டமிட்டு மெயின் சப்ளையை நிறுத்தி, அத்தியாவசிய லோடு முழுவதையும் ஜெனரேட்டரில் ஓட்டிக் காட்டும்வரை பணத்தை விடுவிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.