நிக்கான் எஃப்3, கேனன் நியூ எஃப்-1: ஒளியை அளக்க இரண்டு வழிகள்

நிக்கான் எஃப்3 என்ற ஃபிலிம் கேமராவின் லென்ஸைக் கழற்றி, உள்ளே இருக்கும் கண்ணாடியை ஒரு நல்ல லூப் (உருப்பெருக்கி) வைத்துப் பாருங்கள். முழுக்கப் பளபளக்கும் கண்ணாடிதானே என்று தோன்றும். ஆனால் அதன் நடுவில் மிக நுண்ணிய துளைகள் இருக்கின்றன. லென்ஸ் வழியாக வரும் ஒளியில் ஒரு சிறு பங்கு அந்தத் துளைகளில் நுழைந்து, பின்னால் ஒளிந்திருக்கும் இன்னொரு குட்டிக் கண்ணாடியில் பட்டு, கேமராவின் அடியில் உள்ள, ஒளியை உணரும் சிலிக்கான் செல்லில் விழுகிறது. எஃப்3-இன் மீட்டர், அதாவது ஒளியை அளக்கும் அமைப்பு, அவ்வளவுதான்.

1980-இல் இது பெரிய விஷயம். அதற்கு முந்தைய எஃப்2-வில் மீட்டர், மேலே கண் வைத்துப் பார்க்கும் பிரிஸத்தோடு சேர்ந்தே இருந்தது. பிரிஸத்தைக் கழற்றினால் மீட்டரும் கூடவே போய்விடும். எஃப்3-இல் எந்த வியூஃபைண்டரை மாட்டினாலும் அளவு மாறாது. ஃபிளாஷ் அடிக்கும்போது கண்ணாடி மேலே போய்விடுமே என்றால், அப்போது அதே செல் ஃபிலிமில் பட்டுத் திரும்பும் ஒளியை நேராக அளக்கும். ஒரே செல்லுக்கு இரண்டு வேலை. இந்த அமைப்பின் மேல் எனக்கு இன்றும் தீராத பிரியம்.

அடுத்த ஆண்டு வந்த கேனன் நியூ எஃப்-1 வேறு இடத்தில் அளக்கிறது. காட்சி வந்து விழும் அதன் ஃபோகசிங் ஸ்கிரீனுக்குள்ளேயே ஒளியைப் பிரிக்கும் பகுதி ஒன்று உண்டு. அது கொஞ்சம் ஒளியைத் திருப்பி, உடலுக்குள் இருக்கும் செல்லுக்கு அனுப்பும். இதனால் ஸ்கிரீனை மாற்றினாலே மீட்டர் பார்க்கும் பரப்பும் மாறிவிடும்: ஒன்று நடுப்பகுதிக்கு அழுத்தம் கொடுத்து முழுச் சட்டத்தையும் சராசரியாகப் பார்க்கும், இன்னொன்று நடுவில் 12 சதவீதத்தை மட்டும், மூன்றாவது வெறும் 3 சதவீதத்தை.

இதில் என்ன வந்துவிடப் போகிறது? ஜன்னலுக்கு முன்னால் ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃப்3, நடுவில் உள்ள 12 மில்லிமீட்டர் வட்டத்துக்கு 80 சதவீதமும் மற்ற பகுதிக்கு 20 சதவீதமும் மதிப்புக் கொடுக்கும். முகம் அந்த வட்டத்தைச் சரியாக நிறைக்கிறது, சுற்றியுள்ள வெளிச்சம் முகத்தைவிட 16 மடங்கு. கணக்குப் போட்டால் 0.8 × 1 + 0.2 × 16 = 4. முகத்தில் இருப்பதைவிட நான்கு மடங்கு ஒளி இருப்பதாக மீட்டர் நினைத்துக்கொள்ளும். முகம் இரண்டு ஸ்டாப் இருண்டுவிடும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது). 3 சதவீத ஸ்கிரீன் போட்ட எஃப்-1 முகத்தை மட்டும் பார்க்கும், ஜன்னல் அதன் கணக்கிலேயே வராது. எஃப்3-காரர் முகத்துக்குப் பக்கத்தில் போய் அளந்து, அளந்ததை அப்படியே நிறுத்தி வைக்கும் மெமரி லாக் பட்டனை அழுத்திப் பிடித்தபடி பின்னால் வந்து எடுக்க வேண்டும். பழகிவிட்டால் அதுவும் வேகமாகவே நடக்கும். ஆனாலும் மேடை விளக்குகளுக்கு அடியில் நான் எஃப்-1-ஐத்தான் எடுப்பேன்.

சரி, ஃபிலிமில் எவ்வளவு நேரம் ஒளி பட வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் ஷட்டருக்கு வருவோம். இரண்டிலும் இரண்டு திரைகள் பக்கவாட்டில் ஓடுகின்றன. முதல் திரை திறக்கும், இரண்டாவது மூடும். ஃபிலிம் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் மிக வேகமான நிலை எஃப்3-இல் 1/80, எஃப்-1-இல் 1/90 நொடி. அதற்கு மேல் போனால் முதல் திரை முடிக்கும் முன்பே இரண்டாவது கிளம்பிவிடும். 1/2000-இல் ஃபிலிமைக் கடப்பது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் பிளவு மட்டுமே.

இரண்டாவது திரையை எப்போது விடுவது என்பதை எஃப்3-இல் குவார்ட்ஸ் படிகம் எண்ணிச் சொல்கிறது. துல்லியம் அருமை, ஆனால் பேட்டரி தீர்ந்தால் முன்பக்கத்துக் குட்டி நெம்புகோலால் சுமார் 1/60 நொடியில் மட்டும் எடுக்கலாம். கேனன் வேலையைப் பிரித்தது. 1/90-லிருந்து 1/2000 வரை ஸ்பிரிங்கும் நெம்புகோல்களும். 1/60-லிருந்து 8 நொடி வரை மின்னணு. நீண்ட நேரத்தை இயந்திரத்தால் அளக்கப் பற்சக்கரத் தொடர் ஒன்று வேண்டும், அது தேயும், அழுக்குச் சேர்ந்தால் தாமதிக்கும். குறுகிய நேரத்தில் அந்தத் தொல்லை குறைவு. அதனால் இரண்டையும் அந்த இடத்தில் வெட்டியது நல்ல பொறியியல் முடிவு.

பேட்டரி செத்துப்போன எஃப்-1 கையில் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: பேட்டரியை உள்ளேயே விட்டுவிடக் கூடாது. வெளியே எடுத்துவிட்டு, ஷட்டர் வேக டயலை 90-க்கோ அதற்கு மேலோ திருப்புங்கள். ஷட்டர் அடிக்கும்.