வின்னிபெக்குக்கு உச்சவரம்பு பிரச்சினையே இல்லை

கனடாவில் கணக்காளராக வேலை பார்க்கிறேன். வரித் தாக்கலும் என்எச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) பிளேஆஃபும் ஏப்ரலில் ஒன்றாக வருவதால் ரசீதுக் கட்டோடு வருகிறவர்கள் ஹாக்கிப் பேச்சையும் கொண்டுவந்துவிடுவார்கள். "எல்லா அணிக்கும் ஒரே சம்பள உச்சவரம்புதானே, அப்புறம் சின்ன ஊர் அணி ஏன் புலம்புகிறது?"

ஒரு அணி சம்பளத்துக்கு இதற்கு மேல் செலவழிக்கக் கூடாது என்கிற உச்சவரம்போடு கூடவே, இதற்குக் கீழே போகக் கூடாது என்கிற ஒரு கீழ்வரம்பும் இருக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை.

2004-05 சீசன் முழுவதும் ரத்தான பிறகுதான் உச்சவரம்பு வந்தது, முதல் ஆண்டில் 3.9 கோடி அமெரிக்க டாலர். இரண்டு வரம்புகளுமே லீக்கின் மொத்த வருமானத்தை ஒட்டி நிர்ணயிக்கப்படுவதால் டொரொண்டோவிலும் நியூயார்க்கிலும் பணம் கொட்டக் கொட்ட, வின்னிபெக் மாதிரி சின்ன ஊர் அணி கட்டாயம் செலவழிக்க வேண்டிய தொகையும் ஏறிக்கொண்டே போகும். 2025-26-இல் உச்சம் 9.55 கோடி, கீழ்வரம்பு 7.06 கோடி. அன்றைய அதிகபட்சத்தைவிட இன்றைய குறைந்தபட்சம் பெரியது! பணக்கார அணிகள் சின்ன ஊர் அணிகளுக்குக் கொடுக்கும் வருமானப் பகிர்வு என்று ஒன்று உண்டு, அது கொஞ்சம் தாங்குகிறது, அவ்வளவுதான்.

கீழ்வரம்பைச் சமாளிக்க அரிசோனா அணி செய்த வேலை ஒரு கணக்காளனாக எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். 2016-இல் டெட்ராய்ட் வீரர் டாட்சுக் என்எச்எல்லை விட்டு ரஷ்யாவுக்குப் போக இருந்தபோது, டெட்ராய்ட்டிடமிருந்து அவருடைய 75 லட்சம் டாலர் ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டார்கள். ஏட்டில் 75 லட்சம் ஏறும், கையிலிருந்து சம்பளம் போகாது. அப்படியும் 2024-இல் அந்த அணி யூட்டாவுக்குப் போய்விட்டது (அதற்கு அரங்கச் சிக்கலும் ஒரு பெரிய காரணம்).

நான் தொழிலில் கடைக்காரர்களிடம் ஓயாமல் சொல்வது, ஏட்டில் வரும் செலவு வேறு, பணம் வெளியே போகும் நாள் வேறு. 2012-இல் பிலடெல்பியா இதை வைத்துத்தான் நாஷ்வில்லை மடக்கப் பார்த்தது. நாஷ்வில் வீரர் ஷியா வெபருக்கு 14 ஆண்டுக்கு 11 கோடி டாலர் தருவதாகச் சொன்னது; அதே தொகையை நாஷ்வில் தராவிட்டால் அவர் பிலடெல்பியாவுக்குப் போய்விடுவார். சராசரிதான் வரம்பில் சேரும் என்பதால் ஏட்டில் ஆண்டுக்கு 78.6 லட்சம்தான் தெரியும், ஆனால் முதல் ஆறு ஆண்டிலேயே 8 கோடி ரொக்கம் கொடுத்தாக வேண்டும், அதிலும் பெரும்பகுதி கையெழுத்து போனஸ். ஏழு நாள் அவகாசத்துக்குள் நாஷ்வில் பல்லைக் கடித்துக்கொண்டு ஈடுகொடுத்தது. உச்சவரம்பு இதில் எதையுமே தடுக்கவில்லை.

வின்னிபெக் கதை இன்னும் மோசம். 1996-இல் அணியை பீனிக்ஸுக்கு இழந்த ஊர் அது. 2011-இல் வேறொரு அணி வந்தபோது கனடிய டாலரும் அமெரிக்க டாலரும் ஏறக்குறைய சமம். டிக்கெட் விற்பது கனடிய டாலரில், சம்பளம் அமெரிக்க டாலரில். இப்போதைய விகிதத்தில் கீழ்வரம்பைத் தொடவே ஒன்பதரைக் கோடி கனடிய டாலர் போல வேண்டும், அரங்கிலோ சுமார் 15,000 இருக்கைகள். வின்னிபெக் இருக்கும் மானிடோபா மாகாணத்தில் இந்த அளவு சம்பளத்துக்கு மேல்தட்டு வரி பாதியைத் தாண்டும், புளோரிடாவிலும் நெவாடாவிலும் மாநில வருமான வரியே கிடையாது. 2020 முதல் 2025 வரை ஆறு என்எச்எல் கோப்பைகளில் ஐந்து அந்த இரண்டு மாநிலங்களுக்குத்தான் போயின. வரிதான் முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன். அணியின் நட்சத்திர வீரர்கள் ஹெல்லபைக்கும் ஷைஃபலியும் 2023-இல் ஆண்டுக்கு 85 லட்சத்துக்கு ஏழு ஆண்டு வின்னிபெக்கிலேயே கையெழுத்துப் போட்டார்கள், 2024-25-இல் லீக் சுற்றில் முதலிடமும் வந்தது.

2026-27-க்கு உச்சவரம்பு 10.4 கோடி என்று அறிவித்தபோது பெரிய ஊர் ரசிகர்கள் யாரை வாங்கலாம் என்று பட்டியல் போட ஆரம்பித்தார்கள். கீழ்வரம்பு 7.69 கோடி ஆகிறது என்பதைக் கவலையோடு பார்த்திருக்க வேண்டியவர்கள் சின்ன ஊரில் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள்.